உறைந்த உயிரணுவும் கீழாநெல்லியும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பசு பருவத்துக்கு வந்துவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புவதும், அங்கிருந்து ஆள் வந்து சினை ஊசி போடுவதும் நெடுநாளாகப் பழகிப்போன நடைமுறையாகும். அந்த ஊசிக்கு வேண்டிய உறைவிந்து, கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிக்குள் அடைபட்டு, பால் கேனைப் போன்ற அலுமினியக் கன்டெய்னரில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. ஈச்சங்கோட்டையிலோ ஓசூரிலோ உதகையிலோ உள்ள பண்ணையில் ஒரு காளையிடமிருந்து எடுக்கப்பட்ட அந்த உயிரணுக்கள், காளை இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்த அளவில் உயிர்த்தெழுந்து நீந்தத் தொடங்குகின்றன. பால்மாட்டை நம்பிப் பிழைக்கும் ஒரு மாவட்டத்துக்கு வாழ்வளிக்கும் இதே நுட்பத்தின் மேல்தான், புதிய மருந்துகளைத் தேடும் ஆய்வகங்களின் அன்றாட வேலையில் பெரும்பகுதியும் நிற்கிறது. உறைய வைத்த உயிரணுக்களை மருந்துத் தெரிவுச் சோதனைகளில் பயன்படுத்துவது எப்படி, அதனால் கிடைப்பது என்ன, அதில் கவனம் தப்பினால் எங்கே வழுக்கும் என்பவற்றை இக்காணொளி விளக்குகிறது.

இரண்டு பயன்பாடுகளுக்கும் வேர் ஒன்றே. 1949இல் லண்டனில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுவை உறைய வைத்து மீட்டெடுக்க முயன்றுகொண்டிருந்தனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த ஒரு புட்டி எதிர்பாராத வெற்றியைத் தர, அதைப் பகுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது சர்க்கரையன்று, கிளிசரின் என்பது தெரிந்தது. புட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது. அந்தத் தவற்றைத் தவறென்று ஒதுக்கிவிடாமல் அதன் காரணத்தைத் தேடிச் சென்ற நேர்மையே உறைபதனம் என்ற துறையைப் பிறப்பித்தது எனலாம். பத்தாண்டுகளுக்குப் பின், 1959இல், லவ்லாக், பிஷப் என்னும் இருவர் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற மற்றொரு நீர்மமும் இதே பாதுகாப்பைத் தரும் என்று காட்டினர். ஆய்வகத்தார் டி.எம்.எஸ்.ஓ. என்று சுருக்கி வழங்கும் அந்த நீர்மம் இக்காணொளியில் மீண்டும் மீண்டும் வரும். இன்றும் காளையின் விந்துக்குக் கிளிசரினும் முட்டை மஞ்சள் கருவும், ஆய்வகத்தில் வளரும் உயிரணுக்களுக்கு டி.எம்.எஸ்.ஓ.வும் என்றே பெரும்பாலும் வழக்கம்.

குளிர் உயிரணுவைக் கொல்லும் விதத்தை அறிந்தால்தான் இந்தப் பாதுகாப்பின் பொருள் விளங்கும். உயிரணுவின் பெரும்பகுதி நீராகும். குளிரூட்டும்போது முதலில் பனிக்கட்டியாவது உயிரணுவுக்கு வெளியே உள்ள நீர்; பனிக்கட்டி தூய நீராலேயே ஆவதால், அதில் சேராத உப்பெல்லாம் எஞ்சிய நீரில் செறிந்து, அந்தச் செறிவு உயிரணுவின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உப்பில் இட்ட மாவடு இரண்டு மூன்று நாளில் நீர்விட்டுச் சுருங்கி ஜாடியின் அடியில் உப்புநீர் தேங்குவதை அறிந்தவர்களுக்கு இந்த நிகழ்வைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மிக மெதுவாகக் குளிரூட்டினால் உயிரணு இந்தச் செறிந்த உப்புநீரில் நெடுநேரம் கிடந்து வதைபட்டுச் சாகிறது. மிக வேகமாகக் குளிரூட்டினாலோ நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே உறைந்து, உள்ளே தோன்றும் பனித்துகள்கள் உயிரணுவைச் சிதைக்கின்றன. இரண்டு சாவுகளுக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டு என்பதையும், அந்த வழி உயிரணுவுக்கு உயிரணு மாறும் என்பதையும் 1972இல் பீட்டர் மேசரும் அவருடைய கூட்டாளிகளும் தெளிவாக்கினர். சிவப்பணு மிக விரைவான குளிரூட்டலைத் தாங்கும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் பெரும்பாலான உயிரணுக்களுக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற நிதானமே பொருந்தும். டி.எம்.எஸ்.ஓ. உயிரணுவுக்குள் புகுந்து, உப்பு அளவுமீறிச் செறிவதைத் தடுத்து, அந்தக் குறுகிய வழியைச் சற்று அகலமாக்குகிறது.

செய்முறை எளிதுதான், ஆனால் அவசரமும் பொறுமையும் மாறி மாறி வேண்டியது. நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களைத் திரட்டி, பத்து விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. கலந்த வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, ஒரு மில்லிலிட்டர் வீதம் சிறு குப்பிகளில் பிரித்து, தாமதமின்றிக் குளிரூட்டத் தொடங்க வேண்டும். அறை வெப்பத்தில் டி.எம்.எஸ்.ஓ.வே உயிரணுவுக்கு நஞ்சு என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வகங்கள், ஐசோபுரொப்பனால் ஊற்றிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் குப்பிகளை வைத்து, அதை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஓரிரவு விட்டுவிடுகின்றன. சூழ்ந்திருக்கும் அந்த ஆல்கஹால் வெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுவதால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்ற வேகம் தானாகவே அமைகிறது. மறுநாள் குப்பிகள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றப்படுகின்றன. ஏறத்தாழ மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே நீர் கண்ணாடி போன்ற நிலையில் உறைந்து நின்றுவிடுவதால், வேதிவினைகள் நடக்க வழியில்லை. காலம் அங்கே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மீட்கும்போது மட்டும் நிதானம் கூடாது. 37 டிகிரி வெந்நீரில் குப்பியை மெல்ல ஆட்டி, உள்ளே அரிசி அளவு பனிக்கட்டி மிஞ்சியிருக்கும்போதே வெளியே எடுத்து, டி.எம்.எஸ்.ஓ.வை வளர்ப்பு ஊடகத்தால் நீர்க்கச் செய்து, கழுவி நீக்கிவிட வேண்டும்.

இனி மருந்துத் தெரிவுச் சோதனை. திரையில் தெரியும் தட்டில், உள்ளங்கை அளவேயான பரப்பில், எட்டு நிரையும் பன்னிரண்டு நிரலுமாக 96 குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் உயிரணுக்களை இட்டு, சோதிக்க வேண்டிய பொருளை வெவ்வேறு அளவில் சேர்த்து, ஓரிரு நாள் இன்குபேட்டரில் வைத்த பின், எத்தனை உயிரணுக்கள் பிழைத்திருக்கின்றன என்று அளப்பதே இச்சோதனையின் எளிய வடிவம். 1983இல் மோஸ்மன் வகுத்த எம்.டி.டி. முறையில், மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை உயிருள்ள உயிரணுக்கள் ஊதா நிறப் படிகமாக மாற்றுகின்றன. ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உயிர். தமிழ்நாட்டின் உயிரித்தொழில்நுட்பத் துறைகளில் முதுநிலை மாணவர்கள் பலரும் ஒருமுறையேனும் செய்து பார்க்கும் சோதனை இது. பெரும் மருந்து நிறுவனங்களில் 384, 1536 குழிகள் கொண்ட தட்டுகளில் இயந்திரக் கைகள் இதையே நாள்தோறும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்குச் செய்கின்றன.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. சோதனை என்பது ஒரு தராசு என்றால், ஒரு தட்டில் மருந்தும் மறு தட்டில் உயிரணுவும் இருக்கின்றன. மருந்தின் எடையை அறிய வேண்டுமானால் மறு தட்டில் உள்ள படிக்கல் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிரணு மாறிக்கொண்டே இருக்கிறது. குடுவை நிரம்பியதும் அதைப் பிரித்துப் புதிய குடுவைகளுக்கு மாற்றுவதைப் பாசேஜ் என்பர். பாசேஜ் ஏற ஏற, வேகமாகப் பெருகும் உயிரணுக்களே மிஞ்சி, மரபணுக்களில் மாற்றங்கள் சேர்ந்து, தொடக்கத்தில் இருந்த கூட்டத்தினின்று வேறுபட்ட ஒரு கூட்டம் உருவாகிவிடுகிறது. திங்கட்கிழமை பாதி நிரம்பிய குடுவையிலிருந்து எடுத்த உயிரணுவும், வியாழக்கிழமை நெருக்கியடித்துக் கிடந்த குடுவையிலிருந்து எடுத்த உயிரணுவும் ஒரே மருந்துக்கு ஒரே மறுமொழி தருவதில்லை. ஒரு மாணவர் படிப்பு முடித்துச் சென்று அடுத்தவர் அதே வேலையைத் தொடரும்போது எண்கள் பொருந்தாமல் போவதும், யாருடைய கை சரியில்லை என்ற வீண் வாக்குவாதம் எழுவதும் பல நேரம் இதனால்தான்.

உறைய வைத்த உயிரணு இந்தத் தேய்மானத்தை நிறுத்துகிறது. ஒரே நாளில், ஒரே பாசேஜில், நூறு இருநூறு குப்பிகளை ஒரே தொகுதியாக உறைய வைத்து, அவற்றில் சிலவற்றை எடுத்துத் தரம் பார்த்து, மறுமொழி அறியப்பட்ட ஒரு மருந்தால் சரிபார்த்துவிட்டால், மாதக் கணக்கில் நடக்கும் சோதனைகள் அனைத்துக்கும் ஒரே படிக்கல் கிடைத்துவிடுகிறது. தேவைப்படும் நாளில் ஒரு குப்பியை உருக்கி, எண்ணி, நேரே குழிகளில் இட்டுச் சோதனையைத் தொடங்கலாம். வாரக்கணக்கில் வளர்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு நேரே சோதனைக்கு உதவும் தொகுதிகளை ஆய்வகத்தார் மற்ற வேதிப்பொருள்களைப் போலவே அலமாரிச் சரக்காக நடத்துகின்றனர். உயிரணு வளர்ப்பவரும் சோதனை செய்பவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதனால் நீங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஊடகம் மாற்ற வேண்டிய ஆய்வு மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்த வேலையைச் செய்தவருக்கே தெரியும்.

இந்தப் படிக்கல்லின் அருமையை உணர்த்தத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது திருவண்ணாமலை வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் இன்றும் வழங்கும் கைமருந்து. 1988இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்த வைரஸை உடலில் நீண்டகாலமாகச் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, புளூம்பெர்க் பங்கேற்ற மற்றொரு ஆய்வு, இச்செடியின் சாறு வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைச் சோதனைக்குழாயில் தடுக்கிறது என்று காட்டியிருந்தது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு செடியை உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. கீழாநெல்லியைப் போற்றுவோர் பின்வந்த ஆய்வுகளைக் குறை சொல்வதும், இகழ்வோர் முதல் ஆய்வைக் குறை சொல்வதும் எளிது. இரண்டுமே அந்தச் செடிக்கு நீதி செய்வதாகாது. கேட்க வேண்டிய கேள்வி, எது மாறியது என்பதே. செடியா? கீழாநெல்லி என்ற ஒரே பெயருக்குள் ஃபில்லாந்தஸ் அமரஸ், டெபிலிஸ், ஃபிரட்டெர்னஸ் எனப் பார்வைக்கு ஒத்த பல இனங்கள் அடங்குகின்றன; மண்ணும் பருவமும் உலர்த்திய விதமும் சாற்றின் உட்பொருளை மாற்றும். நோயாளிகளா? வைரஸின் வகையா? மனிதரில் நடந்த அந்த ஆய்வுகளின் முரணை உறைந்த உயிரணு எதுவும் தீர்த்திருக்க முடியாது என்பது உண்மையே. எனினும், அதற்கு முந்தைய படியில், ஜமுனாமரத்தூரில் ஆடியில் பறித்த செடியும் மார்கழியில் பறித்த செடியும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று ஆய்வகத்தில் கேட்க வேண்டுமானால், ஆடிக்கும் மார்கழிக்கும் இடையில் மாறாத உயிரணு வேண்டும். செடி மாறலாம், மாறுவதை அளப்பதே நோக்கம். படிக்கல்லும் சேர்ந்து மாறினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மூலிகை ஆய்வுக்கு உறைபதனம் இன்றியமையாதது என்று இங்கே வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கீழாநெல்லி கல்லீரலுக்கான மருந்து என்பதால் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் உறுப்பு. உட்கொண்ட பொருள்களில் பலவும் அங்கே நொதிகளால் மாற்றப்பட்ட பின்னரே உடலெங்கும் பரவுகின்றன. மருந்தாகத் தொடங்கிய பொருள் அங்கே நஞ்சாவதும் உண்டு. ஆய்வகங்களில் எளிதில் கிடைக்கும் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய் செல் லைனில், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் உயிரணு வழியில், இந்த நொதிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், அதைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வர இயலாது. மாற்று அறுவைக்குப் பயன்படாத கொடையாளர் கல்லீரல்களிலிருந்து பிரித்தெடுக்கும் இயல்பான கல்லீரல் உயிரணுக்களோ ஆய்வகத்தில் பெருகுவதில்லை. சில நாளில் தம் தன்மையையும் இழந்துவிடுகின்றன. கொடை எந்த நாளில் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, கிடைத்த அன்றே உறைய வைத்து, பலருடைய உயிரணுக்களைக் கலந்து ஒரே தொகுதியாக்கிச் சேமித்துவைத்து, உலகின் பல மூலைகளில் உள்ள ஆய்வகங்கள் ஒரே தொகுதியைப் பயன்படுத்துமாறு செய்கின்றனர். இங்கே உறைபதனம் வசதிக்காகச் செய்வதன்று. அது இல்லையேல் சோதனையே இல்லை.

வழுக்கும் இடங்களும் உண்டு. உருக்கியவுடன் டிரைபன் நீலம் என்ற சாயத்தை இட்டு எண்ணும்போது, செத்த உயிரணு நீலமாகவும் உயிருள்ளது நிறமின்றியும் தெரியும். தொண்ணூறு விழுக்காடு பிழைத்தது என்று மகிழ்ந்த பின், உறைவின் அதிர்ச்சியால் அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவற்றில் ஒரு பகுதி மெல்லச் சாவதுண்டு. முதல் கணக்கை மட்டும் நம்பியவர் அந்தச் சாவையெல்லாம் மருந்தின் வெற்றியாக எழுதிவிடுவார். எனவே உருக்கிய உயிரணுவைச் சில மணி நேரமேனும் தேறவிடுவதும், மருந்து சேர்க்காத குழிகளை அருகிலேயே வைத்து ஒப்பிடுவதும் கட்டாயம். அடுத்தது, டி.எம்.எஸ்.ஓ. ஒரே சோதனைக்குள் மூன்று வேடத்தில் வருகிறது: உறையும்போது காவலாக, நீரில் கரையாத மூலிகைச் சாற்றைக் கரைக்கும் கரைப்பானாக, இறுதியில் ஊதாப் படிகங்களைக் கரைப்பதற்காக. சரியாகக் கழுவப்படாத முதல் டி.எம்.எஸ்.ஓ. இரண்டாவதோடு சேர்ந்தால், சாவுக்குக் காரணம் சாறா கரைப்பானா என்று பிரித்தறிய முடியாது.

மூலிகை ஆய்வாளர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் மற்றொன்று. எம்.டி.டி. சாயத்தை ஊதாவாக்க உயிருள்ள உயிரணுதான் வேண்டும் என்பதில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்கள் பல, உயிரணு ஒன்றுகூட இல்லாத வெறும் குழியிலும் அதை ஊதாவாக்கிவிடும். சாறு மட்டும் உள்ள, உயிரணு இல்லாத சில குழிகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால் இந்த மயக்கம் தீரும். உயிரணுவின் அடையாளமும் ஐயத்துக்குரியது: வாய்ப் புற்றுநோய் உயிரணு என்று நெடுங்காலம் கருதப்பட்ட கே.பி.யும், கல்லீரல் உயிரணு என்று கருதப்பட்ட சாங் செல் லைனும், உண்மையில் 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா உயிரணுக்களால் ஆட்கொள்ளப்பட்டவை. உறைபதனம் உள்ளதை உள்ளபடி காக்குமே தவிர, பிழையைத் திருத்தாது. மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்ணுயிர் தொற்றிய உயிரணுவை உறைய வைத்தால், தொற்றும் சேர்ந்தே பத்திரமாக இருக்கும். ஆகவே நூறு குப்பி உறைய வைக்குமுன் அடையாளச் சோதனையும் தொற்றுச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். இந்திய ஆய்வாளர்களுக்குச் செல் லைன்களை வழங்கும் பொறுப்பு புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்துக்கு உண்டு; அடையாளம் அறியப்பட்ட செல் லைனை அத்தகைய களஞ்சியத்திலிருந்து பெறாமல், பக்கத்து ஆய்வகத்தில் ஒரு குடுவை கேட்டு வாங்குவது பின்னால் பெருந்துன்பம் தரும்.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இது சாத்தியமா என்ற கேள்விக்கு விடை, பலர் எண்ணுவதைவிட அருகில் இருக்கிறது. உயிரணுக்களை இடைவிடாது வளர்க்கும் வசதியும், அதற்கான ஆள்பலமும், தடையில்லா மின்சாரமும் பெருநகர நிறுவனங்களுக்கே எளிது. உறைந்த குப்பிகளைப் பெற்று, வேண்டிய நாளில் மட்டும் உருக்கிச் சோதிப்பது, ஓர் அரசுக் கல்லூரியின் துறைக்கும் எட்டக்கூடியது. திரவ நைட்ரஜன் கன்டெய்னருக்கு மின்சாரமே வேண்டியதில்லை. அடுத்த மாவட்டமான வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2005 முதல் ஸ்டெம்செல் ஆய்வு மையம் இயங்கிவருகிறது. உறைந்த உயிரணுவைக் கையாளும் கைத்திறனைக் கற்க மாணவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சினை ஊசிக்காகத் திரவ நைட்ரஜன் இந்த மாவட்டத்தின் கால்நடை மருந்தகங்களுக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டேயிருக்கிறது. மூலிகை வளரும் மலையும், மூலிகை அறிந்த மக்களும், குளிரைக் கொண்டுசேர்க்கும் வழியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், இவை ஒன்றையொன்று அறியாமல் கிடப்பது வருத்தத்துக்குரியது.

அந்த மருந்தகங்களில் வழங்கும் ஒரு சிறு வழக்கத்தை ஆய்வக மாணவர்கள் முதலில் கற்க வேண்டும். திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி, மூடிய அறையில் சுவாசக் காற்றையே விலக்கிவிடும் என்பதால், கன்டெய்னரைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும். திறந்ததும் ஓர் அளவுகோலை அடிவரை இறக்கி, சில நொடி கழித்து வெளியே எடுத்து, காற்றில் இரண்டு முறை வீசினால், திரவத்தில் மூழ்கியிருந்த பகுதி மட்டும் வெண்பனி பூத்து நிற்கும். அந்த வெள்ளைக் கோடு எத்தனை சென்டிமீட்டரில் முடிகிறது என்று தேதியிட்டு ஏட்டில் குறிக்கின்றனர். கோடு குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதைக் கவனிக்கத் தவறினால், உறைவிந்துக் குச்சிகள் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இன்றியே செத்துப்போகும். ஆய்வகக் குப்பிகளும் அப்படித்தான் சாகும்.